நாலு தெருவின் எடை

2022 மார்ச் பதினான்காம் தேதி திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு அக்சிலியாவின் எடை இரண்டாயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்றிரண்டு கிலோ. சேலம் பைபாஸில் லாரிகளை நிறுக்கும் எடை மேடையில் அவள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றாள். மேடைக்காரர் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். வண்டி எதுவும் தென்படாததால் இயந்திரத்தை இரண்டு முறை தட்டிப் பார்த்தார். பிறகு சீட்டை அச்சடித்து, வண்டி எண் எழுத வேண்டிய இடத்தில் 'நடந்து வந்தது' என்று எழுதிக் கொடுத்தார். முந்தைய நாள் அரிசி ஏற்றி வந்த மினி லாரி ஓமலூர் ரோட்டில் குடைசாய்ந்துவிட்டதால் அஸ்தம்பட்டியில் நூற்று முப்பது பேர் நாள் முழுக்கப் பட்டினி. ஆளுக்குப் பதினெட்டு கிலோ. அக்சிலியாவின் சொந்த எடை ஐம்பத்திரண்டு. கூட வந்து கூட்டிப் பார்த்த பாலசுந்தரம், சரியாக இருக்கிறது என்று சொல்லிச் சீட்டை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அக்சிலியா அதற்கு முன் பதினோரு வருடம் ஒரு கிளினிக்கில் டோக்கன் கொடுக்கும் வேலை பார்த்தவள். கணவர் யாகப்பன் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் போர்வெல் போடுகிறவர். வருடத்தில் பத்து மாதம் சத்தீஸ்கரிலோ மத்தியப் பிரதேசத்திலோ இருப்பார். தலைசுற்றுகிறது, கண்ணை இருட்டுகிறது என்று வந்து உட்காருகிறவர்களில் பாதிப் பேருக்கு நோய் ஒன்றுமில்லை, காலையில் சாப்பிடவில்லை, அவ்வளவுதான் என்பது டாக்டருக்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும். ஊரடங்கில் கிளினிக்கை மூடியபோது, பசித்தவர்களுக்குச் சேர்ந்து பொங்கலாம் என்று அவள் கிணற்றடித் தெருவில் எதிர்ப் போர்ஷன் குப்பாயியின் கதவைத் தட்டினாள். குப்பாயி நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் காடு வைத்திருந்த குடும்பத்துக்காரர். வெட்டு நாளில் அறுபது ஆளுக்குப் பொங்கிப் போட்ட கை அவருடையது. பாகப் பிரிவினைக்குப் பிறகு சேலத்துக்கு வந்தவருக்கு ஒரே ஒருத்திக்கு உலை வைக்கும் அளவு பிடிபடாமல், தினமும் மிச்சத்தைப் பார்த்துத் தன்னையே திட்டிக்கொண்டிருந்தார். கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற பாலசுந்தரம் மூன்றாவதாகச் சேர்ந்தார். பதிவு செய்யாத எதுவும் உண்மையில் நடக்கவில்லை என்று நம்புகிறவர் அவர். ஆறே மாதத்தில் 'நாலு தெரு உணவுக் கூடம்' என்று அறக்கட்டளை பதிவானது. அக்சிலியா தலைவர், குப்பாயி செயலாளர், அவர் பொருளாளர். பழைய டயர் பட்டறை ஒன்று பூட்டிக் கிடந்தது. லாரியே உள்ளே போகும் அகலம். அதன் சொந்தக்காரர் அங்கமுத்து சாவியைக் குப்பாயி கையில் கொடுத்து, "அடுப்பு எரியற வரைக்கும் உங்களுதுங்க" என்றார். கொரோனா இரண்டாவது அலையில் அவர் போய்ச் சேர்ந்தார். சொன்ன சொல்லைப் பாலசுந்தரம் எழுதி வாங்கியிருக்கவில்லை. அவர் வாழ்க்கையில் எழுதி வாங்காமல் விட்டது அது ஒன்றுதான்.

எடை கூடத் தொடங்கியது முதல் வருட நவம்பரில். மழையில் விறகு நனைந்து, மதியச் சோறு நின்ற நாளில் அக்சிலியா வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலி அவளோடு தரைக்கு வந்தது. மறுநாள் டவுன் பஸ்ஸில் அவள் ஏறியதும் பின் டயர் வெடித்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் முழங்கால் போட்டதும் பலகை இரண்டாகப் பிளந்தது. அதற்குப் பிறகு அவள் பூசையை வெளியே வேப்பமரத்தடியில் நின்றே பார்த்தாள். காரணம் புரிய மூன்று வாரம் ஆனது. நாலு தெருவுக்குள் யார் சாப்பிடாமல் இருந்தாலும் அந்தப் பசி அவள் உடம்பில் வந்து ஏறியது. ஒரு வேளை விட்டவருக்கு நாலு கிலோ, முழுநாள் கிடந்தவருக்குப் பதினெட்டு. அவர்கள் சாப்பிட்டதும் இறங்கிவிடும். சொந்தப் பசி சேர்வதில்லை. அவள் பட்டினி கிடந்தால் எல்லோரையும் போல இளைக்கத்தான் செய்தாள். டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்து எல்லாம் நார்மல் என்றார். முதலில் அவளுக்கு வெட்கமாக இருந்தது, பிறகு கோபம் வந்தது. நாலு தெருவில் இத்தனை பேர் இருக்க நான் எதற்கு என்று அழுதாள். யாகப்பன் மட்டும்தான் அலட்டிக்கொள்ளவில்லை. அவர் போனில் விசாரிப்பதே வேறு மாதிரி.

"இப்ப எவ்வளவு?"

"எழுநூறு இருக்கும்."

"லோடு எந்தப் பக்கம் சாயுது?"

"இடது பக்கம்."

"அப்ப வலது காலை ஊனி நில்லு. திடீர்னு திரும்பாத."

குப்பாயி அந்த எடையை வேலைக்கு எடுத்துக்கொண்டார். தினமும் பந்தி முடிந்து இரண்டரை மணிக்கு அக்சிலியாவைத் தராசில் ஏற்றுவார். முள் ஐம்பத்திரண்டில் நின்றால் பாத்திரம் கழுவலாம். தாண்டி நின்றால் யாரோ ஒருவர் விட்டுப்போயிருக்கிறார், தேட வேண்டும். இப்படித்தான் நர்சிங் படிக்கும் யுவஸ்ரீ ஹாஸ்டலில் மாதக் கடைசியில் தண்ணீர் குடித்துச் சமாளிப்பது தெரியவந்தது. இப்படித்தான் சின்னுசாமியும் அகப்பட்டார். திருச்செங்கோட்டுப் பக்கம் கிணறும் காடுமாக வாழ்ந்தவர். எல்லாம் கைவிட்டுப் போய், மூன்றாவது தெருவில் ஒரு மாடி அறையில், வெள்ளை வேட்டி சட்டை கசங்காமல், யாரிடமும் பேசாமல் குடியிருந்தார். நாலு நாளாக இறங்காத எடை ஒன்று அக்சிலியாவின் தோளில் உட்கார்ந்திருந்தது. அவர் வீட்டுப் படியில் ஏற ஏற அது இறுகியது.

"நான் சாப்பிட்டுட்டனுங்க" என்றார் சின்னுசாமி, கதவைப் பாதி திறந்து.

"நீங்க சாப்பிட்டிருந்தா எங்க அம்மிணி ஏனுங்க மூணு படியை ஒடைச்சிருக்குது?" என்றார் குப்பாயி.

அவர் எட்டிப் பார்த்தார். படிகள் உடைந்துதான் இருந்தன. அன்று இறங்கி வந்தவர் சும்மா உட்கார்ந்து சாப்பிட மறுத்துவிட்டார். மறுநாள் காலையிலிருந்து பூசணிக்காயும் கத்தரிக்காயும் அவர் கையால்தான் வெட்டுப்பட்டன. தராசு வெகுநாள் ஐம்பத்திரண்டிலேயே நின்றது. நாமக்கல்லிலிருந்து வரும் முட்டை வண்டி செவ்வாயும் வெள்ளியும் தவறாமல் வந்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கும் இலை போட்டார்கள்; அவர்களுடைய பசி ஏனோ அக்சிலியா மேல் ஏறவில்லை, ஆனால் அதற்காகச் சோறு இல்லை என்று யாரும் சொல்லவில்லை.

2024 ஜனவரியில் அங்கமுத்துவின் மகன் மோகன்குமார் நோட்டீஸ் கொடுத்தார். கெட்ட மனிதர் இல்லை. இரண்டாவது தெரு முனையில் மாடி வீடு, ஜவுளி ஏற்றுமதி, கோவில் காரியங்களில் முன்னால் நிற்பவர். பட்டறை இருந்த இடத்தை ஒரு ஸ்கேன் சென்டருக்குப் பேசியிருந்தார். கூடத்துக்குப் பதில் இடமும் தருவதாகச் சொன்னார். பைபாஸுக்கு அப்பால், ஒன்பது கிலோமீட்டர் தள்ளி, காற்றோட்டமான இடம், இரண்டு மடங்கு பெரியது. பாலசுந்தரத்துக்கு அது நியாயமாகத்தான் பட்டது. சட்டப்படி நம்மிடம் ஒரு காகிதம் கூட இல்லை, பெரிய இடமாகக் கொடுக்கிறார், வாங்கிக்கொள்வோம் என்று மூவர் கூட்டத்தில் சொன்னார். குப்பாயி அக்சிலியாவைப் பார்த்தார்.

"பசி இங்க இருக்கு," என்றாள் அக்சிலியா. "அடுப்பை ஒன்பது கிலோமீட்டர் தள்ளி வெச்சா, எந்தப் பாட்டு பாடி இவங்களை அங்க கூட்டிட்டுப் போறது? நான் போக மாட்டேன்."

"கோர்ட் உத்தரவு வந்துருமே?" என்றார் பாலசுந்தரம்.

"வரட்டும்."

தீர்மானப் புத்தகத்தில் பாலசுந்தரம் அந்த ஒரு சொல்லை மட்டும் எழுத, கீழே மூவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

உத்தரவு ஜூன் மாதம் வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை பட்டறையைப் பூட்டினார்கள். குப்பாயி தன் வீட்டு அடுப்பில் பொங்கிப் பார்த்தார். முப்பது பேருக்கு மேல் எட்டவில்லை. வியாழக்கிழமை காலை உத்தரவோடு நீதிமன்ற அமீனா, இரண்டு பெண் போலீஸ், இடிக்கும் இயந்திரம் எல்லாம் வந்தபோது அக்சிலியாவின் எடை ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்திரண்டு கிலோ. ஆட்கள் ஷட்டரைத் தூக்கி, அண்டா குண்டாக்களை வெளியே எடுத்துத் தெருவில் வரிசையாகக் கவிழ்த்து வைத்தார்கள். அந்த நேரத்தில் அவள் உள்ளே நடந்து போய், அடுப்பு மேடைக்கு முன்னால் சிமெண்ட் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். தரையில் விரிசல் விழுந்தது.

"எந்திரிங்கம்மா" என்றார் அமீனா.

"மாட்டேன். முடிஞ்சா தூக்கிக்கங்க."

பெண் போலீஸ் இரண்டு பேரும் ஆளுக்கொரு கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, மரியாதையாக விட்டுவிட்டார்கள். பதினொன்றரைக்கு மோகன்குமார் திருச்செங்கோட்டிலிருந்து கிரேன் வரவழைத்தார். ரிக் வண்டிகளின் கம்ப்ரசரைத் தூக்கி வைக்கும் கிரேன் அது. ஓட்டி வந்த சந்தோஷ்குமார் பெல்ட்டை எடுத்துக்கொண்டு இறங்கி, எல்லாரையும் பொதுவாகப் பார்த்து, "வெயிட்டு எவ்வளவுங்க? அதுக்குத் தக்கன பெல்ட்டு போடோணும்" என்று கேட்டார். பாலசுந்தரம் பழக்க தோஷத்தில் கிலோ பிசகாமல் சொல்லிவிட்டார். கையை நீட்டினால் ஐந்து டன் வரைக்கும் தூக்கலாமுங்க, ஒண்ணும் பயமில்லை என்றார் சந்தோஷ்குமார். அக்காவுக்கு வலிக்கக் கூடாதென்று பெல்ட்டுக்கு அடியில் தன் துண்டை மடித்து வைத்தார்.

கிரேன் முனகியது. அக்சிலியா உட்கார்ந்த வாக்கிலேயே தரையிலிருந்து ஒரு சாண் எழும்பினாள். நாலு வருடத்தில் முதல் முறையாக அவளுக்குக் கீழே ஒன்றுமில்லை. அந்தரத்தில் தொங்கியபடி, தெருவில் கவிழ்ந்து கிடந்த அண்டாக்களையும், அவற்றுக்குப் பின்னால் நின்ற முகங்களையும் பார்த்தாள். இத்தனை பேர் பசியும் சேர்ந்து இவ்வளவுதானா, ஒரு இரும்புக் கைக்கு இது ஒரு சாண்தானா என்று இருந்தது.

சின்னுசாமி அப்போது குப்பாயி வீட்டிலிருந்து வந்த தட்டை மடியில் வைத்து, முதல் கவளத்தைப் பிசைந்துகொண்டிருந்தார். அவர் அந்த ஒரு சாண் இடைவெளியைப் பார்த்தார். கவளத்தைத் தட்டிலேயே வைத்தார். எழுந்து போய்க் குழாயில் கையைக் கழுவி, வேட்டியில் துடைக்காமல் உதறிவிட்டு, கிணற்றடித் தெருவின் நடுவில் நின்று, ஒரு காலத்தில் காட்டில் ஆட்களைக் கூப்பிட்ட குரலில் கூப்பிட்டார்.

"யாரும் அடுப்பு பத்த வைக்காதீங்க! பத்த வெச்சவங்க அணைச்சுப் போடுங்க!"

மணி பன்னிரண்டு. நாலு தெருவிலும் குக்கர் விசில் ஒவ்வொன்றாக நின்றது. கூடத்தில் ஒருநாளும் கைநனைக்காத வீடுகள் அவை. சாம்பார் வாடை வருகிறதென்று மாநகராட்சிக்கு மனு எழுதிய வீடு கூட அதில் இருந்தது. ஹாஸ்டல் மெஸ்ஸில் யுவஸ்ரீயும் மற்றப் பெண்களும் தட்டைக் கவிழ்த்து வைத்தார்கள். தொள்ளாயிரம் பேர், ஆளுக்கு நாலு கிலோ. கிரேனின் கை வளைந்தது. பின் சக்கரங்கள் தெருவை விட்டு மெதுவாக எழும்பின. சந்தோஷ்குமார் கதவைத் திறந்து குதித்துவிட்டார். அக்சிலியா ஒரு சாணும் இறங்கித் தரையில் உட்கார்ந்தாள். தரை அவளுக்காக முழங்கை ஆழம் கீழே போனது. சந்தோஷ்குமார் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு கிரேனோடு கிளம்பிவிட்டார்.

மோகன்குமார் காரியக்காரர். விஷயத்தைப் பாலசுந்தரத்திடம் கேட்டுத் தெரிந்துகொண்டதும் ஒரு மணி நேரத்தில் ஆயிரம் பொட்டலம் தருவித்தார். பிரியாணி, முட்டை, தயிர் வெங்காயம் எல்லாம் சூடாக இருந்தன. வீட்டுக்கு வீடு போயின. ஒவ்வொரு வீட்டிலும் மரியாதையாக வாங்கி, பிரிக்காமல் வாசல் சுவரின் மேல் வைத்தார்கள். நாலு தெருச் சுவர்களும் பொட்டலங்களாக நீண்டன, மணம் ஏற்காடு ரோடு வரைக்கும் போயிற்று. ஒரு கையும் அதைத் தொடவில்லை.

தாங்க முடியாமல் போனது அக்சிலியாவுக்குத்தான். நாலு வருடமாக யாரும் பசியோடு படுக்கக் கூடாதென்று ஓடியவள். இப்போது அவளுக்காகவே தொள்ளாயிரம் பேர் சோற்றைக் கண்ணெதிரில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள், ஒவ்வொருவருடைய பசியும் அவள் எலும்பில் தனித்தனியாக வந்து உட்காருகிறது. "சாப்பிடுங்க!" என்று கத்தினாள். "இடம் போனாப் போவுது, எல்லாரும் சாப்பிடுங்க சாமி!"

சின்னுசாமி ஷட்டருக்கு அருகே வந்து நின்றார். "இத்தன நாள் நீங்க போட்டீங்க, நாங்க வாங்கிக்கிட்டோம்," என்றார். "இன்னைக்கு நாங்க போடறோமுங்க. நீங்க வாங்கிக்கோணும்."

அவளுக்கு அழுகை வந்தது; கூடவே, அடிவயிற்றிலிருந்து ஒரு வீம்பும் வந்தது. இவர்களுக்கு நான் சோறு போட்டேன் என்று ஒரு நாளாவது உள்ளூர நினைத்திருப்பேன் என்று தோன்றியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி. குழந்தைகளும் நோயாளிகளும் சாப்பிட்டே ஆகணும். அதில பேச்சே கிடையாது. பாலசுந்தரம் சாருக்குச் சர்க்கரை இருக்கு, அவர் முதல்ல சாப்பிடணும்" என்றாள். குப்பாயி வீடு வீடாகப் போய் அவர்களை உட்காரவைத்து ஊட்டினார். பாலசுந்தரம் இரண்டு பிஸ்கட்டை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அக்சிலியா முறைத்த பிறகுதான் தின்றார். முந்நூறு கிலோ இறங்கியது. மற்றது அப்படியே இருந்தது, நேரம் ஆக ஆகக் கூடியது.

மூன்றரை மணிக்குத் தெரு சாயத் தொடங்கியது. முதலில் சுவரோரம் நின்ற ஒரு மொபெட் ஸ்டாண்டோடு நகர்ந்தது. பிறகு கவிழ்த்து வைத்திருந்த அண்டாக்கள் தாமாகப் புரண்டு, உருண்டு, ஒன்றன்பின் ஒன்றாக ஷட்டருக்குள் போய் மேடைக்குப் பக்கத்தில் நின்றன. கரண்டிகள் சறுக்கிக்கொண்டே பின்தொடர்ந்தன. அரிசி மூட்டைகள் கொஞ்சம் தயங்கி அப்புறம் போயின. இடிக்க வந்த இயந்திரம் பிரேக்கை மீறி இழுபட, ஓட்டுநர் அதைப் பின்னோக்கி எடுத்துக்கொண்டு ரோட்டுப் பக்கம் போனவர் திரும்பவில்லை. அமீனா ஒரு மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, உத்தரவின் பின்பக்கத்தில் 'இயலவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு மேட்டுப் பக்கமாக ஏறிப் போனார். குப்பாயி யாரிடமும் கேட்கவில்லை. விறகை அடுக்கி அடுப்பைப் பற்றவைத்தார். சின்னுசாமி பூசணியை வெட்டினார். சோறு, பருப்பு, பொரியல் ஐந்தரை மணிக்கு இறங்கியது. நாலு தெருவும் கிணற்றடித் தெருவில் வரிசையாக உட்கார்ந்தது. அடுப்பு அதே இடத்தில் எரிகிறது என்று கண்ணால் பார்த்த பிறகுதான் கையை இலையில் வைத்தார்கள்.

டன் டன்னாக எடை இறங்கியது. ஐம்பத்தாறில் வந்து நின்றுவிட்டது. குப்பாயி சுற்றும் முற்றும் பார்த்தார். மோகன்குமார் தன் கார் இழுபட்டு வந்து முட்டி நின்ற சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். குப்பாயி ஒரு தட்டோடு அவரிடம் போனார்.

"தம்பி, காலைல இருந்து ஓடறீங்க, ஒண்ணும் சாப்படலைங்களே. அம்மிணி முட்டில இன்னும் நாலு கிலோ நிக்குதுங்க. அது உங்களுதுதான்."

"நான் கேஸை விடமாட்டேங்க" என்றார் மோகன்குமார்.

"விட வேண்டாமுங்க. சாப்பிடுங்க."

அவர் தட்டை வாங்கி நின்றபடியே சாப்பிட்டார். அக்சிலியா பள்ளத்திலிருந்து கையை ஊன்றி எழுந்தாள். கால் மரத்துப் போயிருந்தது. கொஞ்சம் பொரியல் மிச்சமிருக்கிறதா என்று கேட்டாள். அவளும் அன்று முழுக்கச் சாப்பிட்டிருக்கவில்லை, அது யாருக்கும் எடையில் தெரியவில்லை.

வழக்கு இன்னும் நடக்கிறது. மோகன்குமார் வாய்தாவுக்குத் தவறாமல் போகிறார், அக்சிலியாவும் போகிறாள். இருவரும் எதிரெதிர் பெஞ்சில் உட்கார்ந்து நேரே முகம் பார்த்துக்கொள்கிறார்கள். ஸ்கேன் சென்டர்காரர்கள் மறுவாரம் ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டு, இந்தச் சாய்வில் இயந்திரம் நிற்காது என்று வேறு இடம் போய்விட்டார்கள். எடை இறங்கினாலும் தெரு பழையபடி நிமிரவில்லை. நாலு தெருவும் நாலு பக்கமிருந்தும் கூடத்தை நோக்கியே சாய்ந்திருக்கின்றன. புதிதாக வரைந்த மாநகராட்சிப் படத்தில் அதை 'இயற்கைச் சரிவு' என்று குறித்திருக்கிறார்கள். வாடகைக்கு வருகிறவர்களுக்கு வீட்டுக்காரர்கள் தண்ணீர் வரும் நேரத்தையும், கட்டில் காலுக்கு எந்தப் பக்கம் செங்கல் வைக்க வேண்டும் என்பதையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். மதியம் பன்னிரண்டரைக்கு ஏற்காடு ரோட்டிலிருந்து திரும்புகிறவர்கள் முனையிலேயே வண்டியை அணைத்துவிடுகிறார்கள். வண்டி தானாக இறங்கிப் போய்ப் பந்தி வரிசையில் நிற்கிறது. ஏன் என்று கேட்டால், பெட்ரோல் எதுக்குங்க வீணாக்கோணும் என்கிறார்கள்.